மூக்கைப் பிடித்தால் கோல் விழுமா?

கோப்பையைக் கோட்டைவிட்ட கால்பந்துக் கோச், ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தார்.

"கடைசிப் பத்து நிமிஷத்துல நம்ம பசங்களுக்கு நாக்குத் தள்ளிடுச்சு. எதிர் டீம் பசங்க இப்பத்தான் இறங்கின மாதிரி ஓடறாங்க. எல்லாம் யோகா பண்ற தெம்பாம்! சொல்லிக்கொடுக்கறது யாருன்னு விசாரிச்சு நம்ம பக்கம் இழுத்துடணும்."

மனைவி தண்ணீரை நீட்டினாள்.

"போன வருஷமே உங்க டீமுக்குச் சொல்லித்தரட்டுமான்னு கேட்டாச்சு. 'மூக்கைப் பிடிச்சா கோல் விழுமா'ன்னு நீங்கதான் சிரிச்சீங்க."

"அதை நான் உன்கிட்டதானே சொன்னேன்?" என்றவர், தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ... அவங்களுக்கு நீயா?"

"தினமும் காலையில கிளாஸ் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே கிளம்பறேன்? எங்கேன்னு ஒரு நாளாவது கேப்பீங்கன்னு பாத்தேங்க."