கருணைப் பட்டை

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க மதிப்பெண் மட்டும் போதாது; பிறருக்குச் செய்யும் பணிவிடையை அளக்க மணிக்கட்டில் கட்டிய கருணைப் பட்டை முழுப் பச்சையாகியிருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்காகப் பகலெல்லாம் ஆய்வுக்கூட எலிகளோடு மாரடித்தாலும் டாக்டராகும் ஆசையை விடாத நிறைமதிக்கு, முன்பின் தெரியாத நோயாளிகளின் அருகில் உட்கார நேரம் ஏது? மிஞ்சிய பொழுதெல்லாம் புற்றுநோயோடு கிடந்த அம்மாவுக்கே சரியாக இருந்தது. பெற்றவளுக்குச் செய்தால் பட்டை அசையாது. அது கடமையாம், கருணையில் சேராதாம்.

அதனால்தான் அம்மா செண்பகம், தனக்கு நாதியில்லை என்று சொல்லி ஆதரவற்றோர் வார்டில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"நர்ஸுங்க எல்லாம் அம்மான்னு கூப்பிடட்டும். நீ கூப்பிட்டா உன் குரல வச்சே பட்டை கண்டுபிடிச்சிரும். ஆன்ட்டின்னே சொல்லு."

வார்டே அம்மா என்று அழைத்தவளை மகள் மட்டும் ஆன்ட்டி என்றாள். பட்டையில் பச்சை மளமளவென்று ஏறியது.

நூலளவு பாக்கியிருந்த ஒரு மாலையில் செண்பகத்துக்கு மூச்சு இழுத்தது. மகளின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டா கண்ணு. ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடு."

நிறைமதி பட்டையைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா, ஆன்ட்டி?"

விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பட்டை முழுப் பச்சையானது.