கூட்டத்தில் ஒருவன்

என் மகன் சேர்மத்துரை செத்து எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஏதோ கம்பெனியில் உடம்பெல்லாம் வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்து காட்டினான். வீடியோ கேமில் வரும் ஆட்களுக்கு அந்த நடையை வைப்பார்களாம். மனுசன் நடப்பதைப் பிடித்து வைக்க முடியுமா? நான் நம்பவில்லை.

நேற்று மகள் செண்பகம் அந்த கேமை டிவியில் போட்டு விளையாடினாள். சந்தைக் கூட்டத்தில் ஒருவன் இடது காலை இழுத்து இழுத்து வந்தான். நின்று, இடது காதைத் தோளில் தேய்த்தான். முகம் எவனுடையதோ. நடையும் தேய்ப்பும் என் மகனுடையவை.

"ஏட்டி, அவன் யாரு?"

"அவன் கேரக்டரே இல்லப்பா. கேரக்டர்னா பேரு இருக்கணும், பேசணும். இது சும்மா கூட்டம். சுட்டாக்கூட பாயிண்ட் கிடையாது."

"சுடுவியா?"

"வழிய மறிச்சா வேற என்ன செய்ய?" என்றவள், அவன் நடையை அப்போதுதான் பார்த்தாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

பேர்தானே குறை? எழுந்து போய் டிவி முன் குனிந்தேன். பேர் வைத்த அன்று தொட்டிலில் சொன்ன மாதிரியே, திரையில் நின்றவனின் வலது காதருகே வாயை வைத்து மூன்று தரம் சொன்னேன்.

"சேர்மத்துரை. சேர்மத்துரை. சேர்மத்துரை."

"யப்பா, தள்ளி வாங்க," என்றாள் செண்பகம்.

சந்தைக் கூட்டம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் மட்டும் நின்றான். மெல்லத் தோளை உயர்த்தி, வலது காதைத் தேய்த்தான்.