லிஃப்டுக்குள் இன்னொருவர்

"உள்ள எத்தனை பேர் சார் இருக்கீங்க?"

லிஃப்டின் ஸ்பீக்கரிலிருந்து மெக்கானிக்கின் குரல் கரகரத்தது.

"நான் ஒருத்தன்தாம்ப்பா. சீக்கிரம் திற. மேல கூட்டம் காத்துக்கிட்டிருக்கு!"

சாதாரண ஆளா அவர்? 'தன்னை அறிதல்' என்று அவர் பேச ஆரம்பித்தால், இருமல் வந்தவன்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேசவே கூடாது என்று டாக்டர் மாதக்கணக்கில் வாயைக் கட்டிவிட்டார். இன்றைக்குத்தான் மறுபடி மேடை. அதற்குள் ஜனங்கள் வேறு ஆளைப் பார்த்துப் போயிருப்பார்களோ என்று உள்ளூர உதறல். அரங்கம் நிரம்பிவிட்டது என்று செயலாளர் சொன்ன பிறகுதான் போன உயிர் வந்தது.

மேடை நாளில் அவர் செல்போனைத் தொடமாட்டார். லிஃப்டில் ஏறியதும் கண்ணை மூடி, தனக்குள் ஆழ்ந்துவிடுவார். கார் கதவைச் சாத்தியது யார், பையைத் தூக்கியது யார் என்றெல்லாம் பார்க்கிற வழக்கம் கிடையாது. இன்றும் அப்படித்தான் கண்ணை மூடினார். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. கண்ணைத் திறந்தால் கும்மிருட்டு.

"சார்..." மெக்கானிக்கின் குரல் இப்போது தயங்கியது. "நீங்க மட்டும்தானா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

"இந்த இருட்டுல எதைய்யா பாக்கறது? நான் மட்டும்தான்!"

"இல்ல சார்... இங்க திரையில ரெண்டு ஆள் எடை காட்டுது."

அதோடு ஸ்பீக்கரும் அடங்கிப்போனது.

அப்போதுதான் அந்த மூச்சுச் சத்தம் அவர் காதில் விழுந்தது. தன்னுடையதுதான் என்று நினைத்தார். சந்தேகம் தீர மூச்சைப் பிடித்துப் பார்த்தார்.

சத்தம் நிற்கவில்லை.

"யாரு?"

பதில் இல்லை.

"யாரு நீ? பேசு!"

ஊஹூம்.

'சாவு உடம்புக்குத்தான், உனக்கு இல்லை' என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்தான். இப்போது சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பின்னால் நகர்ந்து மூலையில் ஒட்டிக்கொண்டார். நெஞ்சை அடைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கடவுளே, காப்பாத்து... இன்னிக்கு ஒரு நாள் மேடையேறிப் பேசிடறேன். அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ..."

துணி உரசுகிற சத்தம். அது அவர் பக்கமாக நகர்ந்து வந்தது.

சில்லென்று ஒரு கை அவர் நெஞ்சில் படிந்தது.

கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கை மெல்ல மெல்ல நெஞ்சை நீவிவிட்டது. பிறகு உதட்டில் ஏதோ தட்டுப்பட்டது. தண்ணீர். அவர் தொண்டைக்குத் தோதான வெதுவெதுப்பு. முகத்துக்கு நேரே யாரோ விசிறுவது போலக் காற்று வேறு.

பயம் போய் அழுகை பொங்கியது.

"நீயா? நீயேதானா அப்பனே?"

அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை பதறிப்போய் தன்னை உருவிக்கொண்டது.

சிறிது நேரத்தில் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. வெளியே செயலாளர், செயலாளரின் மனைவி, பின்னால் அரங்கத்திலிருந்து எழுந்து வந்த பாதிக் கூட்டம்.

"ஐயா! ஒண்ணும் ஆகலையே?" செயலாளர் அவரை வெளியே இழுத்தார்.

"ஆகலையா? ஆச்சுய்யா, ஆச்சு!" அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "உள்ள நான் தனியாத்தான் இருந்தேன். அவன் வந்தான். இந்த நெஞ்சை நீவிவிட்டான். தண்ணி குடுத்தான். ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது!"

கூட்டத்துக்கு மெய்சிலிர்த்துப் போனது. யாரோ நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்.

மெக்கானிக்குக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"சார், ஒருத்தர்தான்னு அடிச்சுச் சொன்னீங்களே, இந்த அம்மா யாரு?"

கையில் பாட்டில், தோளில் அவருடைய பை, மற்றொரு கையில் விசிறின துண்டு. அவருடைய மனைவி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. வந்ததே கோபம்!

"அறிவிருக்கா உனக்கு? யாரு யாருன்னு கத்தினேனே, காது கேக்கலையா? நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு, 'முதல்ல போய்ப் பேசுங்க' என்பதுபோல மேடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

செயலாளரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க எப்படி ஐயா பேசுவாங்க? நீங்க மறுபடி மேடையேறிப் பேசற வரைக்கும் வாயே திறக்கறதில்லைன்னு, உங்க ஆபரேஷன் அன்னிக்கே வேண்டிக்கிட்டாங்களே! எங்ககிட்டல்லாம் எழுதித்தானே காட்டினாங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

"வீட்ல இருக்கறதே நீங்க ரெண்டு பேர்தான்... இத்தனை மாசமா அவங்க பேசலைங்கறது உங்களுக்குத் தெரியவே இல்லையா ஐயா?"