ராயப்பனின் துடிப்பு

தூத்துக்குடி மாரத்தானில் ஓட வேண்டுமென்றால் நெஞ்சில் துடிப்புப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஓடுபவரின் துடிப்பை அது மருத்துவக் குழுவின் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பு தாளம் தப்பினால் பாதி வழியிலேயே வெளியேற்றிவிடுவார்கள். இருபது வருடம் ஓடி ஓடி என் கணவர் ராயப்பனின் இதயம் தாளம் தப்பிப்போயிருந்தது.

"எம் பேருல தந்த பட்டையை நீ ஒட்டிக்கிடு, ஜெசிந்தா. நான் வேலை செய்யாத பழைய பட்டை ஒண்ணை ஒட்டிக்கிட்டுப் போறேன். வார வரைக்கும் மாடிப்படி ஏறி இறங்கு. உக்காந்துராத, கண்டுபிடிச்சிருவானுவ."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏறி இறங்கினேன்.

முப்பத்தோராவது கிலோமீட்டரில் அவர் விழுந்ததை செல்போன் நேரலையில் பார்த்தேன். மருத்துவக் குழு ஓடி வந்தது. ஒருவர் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"ஹார்ட் அருமையா இருக்கு. கால் பிடிப்புதான். உப்புத்தண்ணி குடுங்க."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் துடிப்பு கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

"பாருங்க, நார்மலுக்கு வந்துட்டாரு" என்றார் திரையைப் பார்த்தவர்.

பட்டையைப் பிய்த்தால் குட்டு வெளிப்படும். இனி எந்தப் பந்தயத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். எழுந்து வந்து என்னைத் திட்டுவாரே என்று பயந்துகொண்டு, எழுவார் என்று காத்திருந்தேன். எழவில்லை. பிய்த்தேன்.

திரையில் கோடு நேரானது. அதற்குப் பிறகுதான் ஒருவர் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

அவர் விழுந்தது எட்டு நாற்பதுக்கு. இறப்புச் சான்றிதழில் நேரத்தை இப்போதெல்லாம் பட்டைதான் போடுகிறது. எட்டு நாற்பத்தேழு என்று இருக்கிறது. நான் பிய்த்த நேரம்.