டாக்டர் கேட்ட கேள்வி

டாக்டர் அவன் புறங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப மணிக்கட்டை மட்டும் மேல தூக்குங்க" என்றார். தூக்கியதும் முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்றது.

"பயப்படாதீங்க. இதுக்குப் பேரு டென்னிஸ் எல்போ."

"இவர் டென்னிஸ் பந்தைத் தொட்டதே இல்லையே, டாக்டர்" என்றாள் மனைவி.

"விளையாடாதவங்களுக்குத்தான் அதிகமா வருதும்மா. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா தசைநார் நைஞ்சுபோகும். சார் என்ன வேலை பார்க்கிறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் ஒரு மாதமாக வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தான்.

"இன்சூரன்ஸ் ஆபீஸ்ல..." என்று இழுத்தான்.

"பெயிண்ட் அடிக்கிறவங்களுக்கு வர்ற மாதிரியில்ல இருக்கு? எதுவானாலும் கைக்கு ஓய்வு கொடுங்க."

அவன் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. ஆபீஸில் அவனை வேலையை விட்டு நிறுத்தி நான்கு மாதமாகிறது. தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, புதுக் கட்டடம் ஒன்றில் சட்டையை மாற்றிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறான்.

தெருவில் இறங்கியதும் அவள் சொன்னாள். "நாளையிலிருந்து அந்தப் பெயிண்ட் வேலைக்குப் போகாதீங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு மாசம் முன்னாடி பஸ்ஸுல போறப்ப, சாரத்து மேல உங்களைப் பார்த்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"எந்த முகத்தோட கேக்கிறது? மறுநாளே நானும் ஒரு தையல் கம்பெனியில சேர்ந்துட்டேன். தினமும் நீங்க வீடு திரும்புறதுக்குள்ள ஓடி வந்துடறேன். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியல."