சிவப்பு நாடா

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ஏரிக்கரை வீட்டுக்குள், மாடிப்படி நெடுக உறைந்த பனிக்கட்டி மேல் ஜனவரி வெயில் வெளிறிப்போய் மினுங்குகிறது. மச்சுப் பலகை ஊறி, சாப்பாட்டு மேசைமேல் விழுந்து கிடக்கிறது. மேலே வெடித்த குழாய்க்குக் கிணற்று மோட்டார் உறுமியபடி இன்னும் தண்ணீர் அனுப்புகிறது. கணுக்காலளவு தண்ணீரில் நிற்கிறாள் வெர்னா பெல்க்கி. குளிர்காலம் முழுக்கக் கரையோரம் பூட்டிக்கிடக்கும் பதினொரு வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவள் பிழைப்பு. கையில் பிடித்த போனில் இந்த வீட்டின் சொந்தக்காரர் விட்காமின் குரல் பாஸ்டனிலிருந்து இரைகிறது. "மோட்டாரை நிறுத்தாமப் போயிட்டீங்களே வெர்னா. உங்களை நம்பி இனி யாரும் சாவி குடுக்க வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லப்போறேன்." அவள் சுவிட்ச் பெட்டிவரை நடக்கிறாள். அக்டோபரில், தண்ணீர் உறைந்து வெடிக்காதிருக்கக் குழாய்களைக் காலிசெய்து, மோட்டாரை அணைத்து, சுவிட்சின் குறுக்கே அவள் ஒட்டிய சிவப்பு நாடா கத்தியால் நேராக அறுபட்டுத் தொங்குகிறது. பக்கத்தில் அவள் எழுதி ஒட்டிய சீட்டு: 'வசந்தம் வரை போடாதீர்கள்.' அதன் அடியில் நீல மையில் வேறொரு கையெழுத்து. அவள் வாய்விட்டுப் படிக்கிறாள். "'நவம்பர்ல நன்றித் திருநாளுக்கு ஒரு நாள் வந்தோம். காபிக்குத் தண்ணி வேண்டியிருந்துச்சு. நன்றி வெர்னா.'"  "அது என் பொண்டாட்டி எழுதினது" என்கிறது போன். "யார் எழுதினா என்ன மிஸ்டர் விட்காம், மறுபடி அணைக்க யாருக்கும் தோணலையே." சுவிட்சைக் கீழே தள்ளுகிறாள். உறுமல் அடங்குகிறது. சீட்டை ஓரம் கிழியாமல் பிரித்தெடுத்து, கோட்டின் நனையாத உள்பையில் வைத்துப் பொத்தானைப் போடுகிறாள்.