விட்ட இடமா, முதலிலிருந்தா?

"மாமா, மீண்டும் ஆரம்பம்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே, அதுக்கு என்னா அர்த்தம்? விட்ட எடத்துல இருந்தா, மொதல்ல இருந்தா?"

கேட்டவன் ஜெயகாந்தன். மாரியம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டுகிற நேரத்தில் கேட்டான்.

கோயில் தலைவர் சின்னத்தம்பிக்குச் சிரிப்புதான் வந்தது. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மாசிதோறும் மதன்-ரதி கதையை ஆடுகிற காமன் கூத்து கொரோனாவோடு நின்றுபோயிருந்தது. ஐந்து வருடம் கழித்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவர் அவர். "காமன் கூத்து மீண்டும் ஆரம்பம்" என்று தன் கையாலேயே எழுதி, காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில் ஒட்டியவரும் அவர்தான். இதில் அர்த்தம் கேட்க என்ன இருக்கிறது?

அவர் அத்தனை பாடுபட்டதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. அந்தத் தோட்டத்தில் மதன் வேடம் போடுகிறவன், வருடத்துக்கு ஒன்றாக நாலு மாசி ஆடுவதாக நேர்ந்துகொண்டுதான் காப்புக் கட்டுவான். நாலும் முடியும்வரை அவனுக்குக் கல்யாணம் கூடாது. கூத்தில் ரதிக்குத் தாலி கட்டுகிற கை, அதுவரை வேறொருத்திக்குக் கட்டக் கூடாது என்பது வழக்கம். ஜெயகாந்தன் மூன்று மாசி ஆடிவிட்டான். மிச்சம் ஒன்றுதான். இந்த மாசியில் அதையும் ஆடி முடித்தால், சித்திரையில் அவனுக்கும் சின்னத்தம்பியின் மகள் தனுஜாவுக்கும் கல்யாணம். மண்டபம்கூடப் பேசியாயிற்று. சின்னத்தம்பி ஒன்றைச் சொல்லிவிட்டால் வீட்டில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

"விட்ட எடத்துல இருந்துதான் மாப்புள," என்றார். "ஹட்டன்ல இருந்து வர்ற பஸ்ஸு நடுவழியில நின்னுபோவுது. டிரைவர் மறுபடி ஸ்டார்ட் பண்றான். திரும்ப ஹட்டனுக்குப் போயா கெளம்புவான்? நின்ன எடத்துல இருந்துதானே?"

கூட்டம் சிரித்தது.

"பஸ்ஸு சரி மாமா. தேயிலைச் செடிய மொட்டையா கவ்வாத்து வெட்டுறோம். மறுபடி கொழுந்து எடுக்கிறப்ப, போன வருசம் விட்டுட்டு வந்த கொழுந்தயா எடுக்கிறோம்? எல்லாம் புதுசாத்தானே துளுத்து வரணும்?"

சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து அவனுடைய அம்மா ராக்காயி எழுந்தாள்.

"ஏன்டா, ஒனக்குக் கிறுக்கா? ஒத்த மாசியில முடியிறத எதுக்குடா நாலாக்குற? நான் பேரப்புள்ளையப் பாக்குறப்ப எனக்குக் கண்ணு தெரியணுமா வேணாமா?"

"நீங்க சும்மா இருங்கம்மா. இது சாமி காரியம்."

சின்னத்தம்பி பூசாரியைப் பார்த்தார். பூசாரி சின்னராசா தாடியைச் சொறிந்தார்.

"நேர்த்தின்னா தொடர்ச்சியா இருக்கணும். நடுவுல அஞ்சு வருசம் அறுந்து போச்சே தலைவரே."

"அப்ப மொதல்ல இருந்தா?"

"அப்படியும் சொல்ல முடியாது. ஆடுன மூணும் ஆடுனதுதானே."

"அப்ப விட்ட எடத்துல இருந்தா?"

"அதான் எனக்கும் வெளங்கல. ரெண்டும் சரி மாதிரித்தான் தெரியுது." பூசாரியே ஒரு வழியும் சொன்னார்: "சாமிக்குக் கொறைச்சுச் செஞ்சாத்தான் குத்தம். கூடச் செஞ்சா குத்தமில்ல. ஆடுறவனே கேக்குறான். மொதல்ல இருந்தே வச்சுக்குவோம்."

மறுத்துப் பேசினால், தலைவரே நேர்த்தியைக் குறைக்கச் சொன்னார் என்று நாளைக்குத் தோட்டமே பேசும். சின்னத்தம்பி தலையை ஆட்டி வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் ஜெயகாந்தனை ஆலமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நேராச் சொல்லு மாப்புள. எம்பொண்ணப் புடிக்கலயா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மாமா."

"நாங்க ஏதாச்சும் கொறை வச்சிட்டமா?"

"இல்ல மாமா."

"கொழும்புல வேலைக்குப் போன எடத்துல யாராச்சும்…?"

"மாரியாத்தா சத்தியமா இல்ல மாமா."

"அப்பறம் என்னதான்டா ஒனக்கு?"

"நான் பொறுத்துக்குவேன் மாமா. நீங்களும் பொறுத்துக்கங்க." அவ்வளவுதான் சொன்னான். போகிறபோது அவன் முகம் அழுகிற மாதிரியும் இருந்தது, சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் நின்று நின்று சின்னத்தம்பி கணக்குப் போட்டார். இந்த மாசி, அடுத்த மாசி, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. முழுசாக மூன்று வருடம். பெண்ணைப் பிடிக்காதவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். பிடித்தவன் ஓடிவந்து தாலி கட்டியிருப்பான். இவன் எந்த ரகம்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இதை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

தனுஜா வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மனசத் தேத்திக்கம்மா. அந்தப் பய நேர்த்திய மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னுட்டான். சித்திரை இல்லன்னு ஆயிருச்சு. இன்னும் மூணு வருசமாம்."

"நெசமாவாப்பா? பூசாரி ஒத்துக்கிட்டாரா?"

குரலில் அழுகை இல்லையே என்று நிமிர்ந்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவர அப்படிக் கேக்கச் சொன்னதே நாந்தாம்ப்பா. நர்ஸ் படிப்புக்கு என்னைய எடுத்திருக்காங்க, மூணு வருசம் முடியிற வரைக்கும் கல்யாணம் கூடாதாம். நான் கேட்டா சித்திரையத் தள்ளி வச்சிருப்பீங்களா?"